அரிச்சல்முனை வரை எல்லா வண்டியும் போகத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தனுஷ்கோடி கார் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு என்று மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் அந்த வாரமே காரை எடுத்தார்களோ தெரியாது, ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த ரோடு கடலோடு முடிகிற அரிச்சல்முனையில் வண்டியைத் திருப்ப இடமில்லாமல் முன்னால் ஒரு பஸ், பின்னால் இருபது கார் என்று மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். நான் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். மதுரையிலும் ராமநாதபுரத்திலும் பார்ட்டி ஏற்றி ராமேஸ்வரம் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு. அதனால் நான் சொல்லப்போவது என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிற மாதிரி சிலருக்குத் தோன்றலாம். பரவாயில்லை. விடுமுறை நாட்களிலாவது ராமேஸ்வரம் ஊர் எல்லையைத் தாண்டி தனுஷ்கோடி ரோட்டில் எங்களைப் போன்ற வெளியூர் வண்டிகளை விடாதீர்கள், அதற்குப் பதிலாகச் சின்ன பஸ்களை ஓட்டுங்கள். இதைத்தான் கேட்கிறேன். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அந்தக் கட்டுரையில் "ராமேஸ்வரத்திலிருந்து அரை மணி நேரத்தில் அரிச்சல்முனை" என்று போட்டிருக்கிறீர்கள். போகலாம், ரோடு அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அரை மணி நேரத்தில் போனவர் எதைப் பார்த்தார்? நான் கூட்டிப்போகிற பார்ட்டிகளில் பாதிப்பேர் கோயிலை முடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். முனை வந்ததும் எழுப்ப வேண்டும். இறங்கி, சுற்றுச்சுவர் பக்கம் நின்று செல்பி எடுத்து, கடலில் கால் நனைத்து, ஒரு மாங்காய் பத்தை வாங்கித் தின்றுவிட்டு "அவ்வளவுதானாண்ணே?" என்று என்னிடம் கேட்பார்கள். அவ்வளவுதான் என்று நான் எப்படிச் சொல்வேன்? வந்த வழி முழுக்கத்தானே இருந்தது!

பாம்பனிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஏனென்றால் இந்தப் பயணம் தீவுக்குள் நுழைகிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது, முனையில் இல்லை. மண்டபம் தாண்டி ரோடு மெல்ல மேலே ஏறும், சட்டென்று கீழே தரை இல்லாமல் தண்ணீர் மட்டும்தான் இருக்கும். 1988-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த பாலம். அதற்கு முன்னால் தீவுக்கு வர, படகை விட்டால் ரயில் ஒன்றுதான் வழி என்பதை இப்போது வண்டியில் வருகிற பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இடது பக்கம் எட்டிப் பார்த்தால் 1914-ல் போட்ட பழைய ரயில் பாலமும், அதை ஒட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமும் தெரியும். பழசு ஓடிய காலத்தில் அதன் நடுப்பகுதி இரண்டு கதவுகளாகப் பிரிந்து மேலே விரிந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் போல நேராக மேலே ஏறும். கப்பல் போகிற நேரத்தில் பாலத்தின் மேல் இருந்தால் வேடிக்கைதான், ஆனால் எல்லோரும் வேடிக்கை பார்க்க வண்டியை நட்டநடுப் பாலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். காற்று வேறு. தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் என் வேனே பக்கவாட்டில் தள்ளும், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தால்தான் நேராகப் போகும், அந்த நேரத்தில் ஒருவர் காரின் கதவைச் சாலைப் பக்கமாகத் திறந்துகொண்டு இறங்குவார். கதவு காற்றில் பிய்ந்துகொண்டு திறக்கும். பின்னால் வருகிறவனுக்கு உயிர் போய் உயிர் வரும். பாலத்தை நின்று பார்க்க வேண்டுமா, பாலம் முடிந்து பாம்பன் பக்கம் ஓரங்கட்டிவிட்டு நடந்து போய்ப் பாருங்கள், நடைபாதை இருக்கிறது.

தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஊர், அதெல்லாம் நெரிசல், சொல்ல ஒன்றுமில்லை. ஊரைத் தாண்டி தனுஷ்கோடி ரோட்டில் திரும்பிய பிறகு கொஞ்ச தூரம் சீமைக்கருவேலமும் சவுக்கும்தான். இங்கேதான் எல்லோரும் தூங்குகிறார்கள். ஆனால் கோதண்டராமர் கோயிலுக்குப் பிரிகிற இடத்தில் வண்டியை மெதுவாக்கச் சொல்லி ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஆழமில்லாத உப்புத் தண்ணீர் பரந்து கிடக்கும், அதன் நடுவே கோயிலுக்கு ஒரு சின்ன ரோடு. பனிக்காலத்தில் அந்தத் தண்ணீரில் பூநாரைகள் வந்து நிற்கும். முதலில் தூரத்தில் வெள்ளையாக ஒரு வரிசை தெரியும், உப்பு படிந்த மேடு என்று நினைத்துக்கொள்வோம், அப்புறம் அதில் ஒன்று கழுத்தை நிமிர்த்தும். பறக்கும்போதுதான் இறக்கைக்கு உள்ளே இருக்கிற சிவப்பு தெரியும். இதைப் பார்ப்பதற்காக ஹாரன் அடித்துப் பறக்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் பறந்து வந்தது இரை தேடி, நமக்குப் படம் காட்ட இல்லை. 2025 ஜூனில் தமிழக அரசு இந்தப் பகுதியில் 524 ஹெக்டேருக்கு மேல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. சரணாலயத்தை ஒட்டிப் போகிற ரோடு என்பது தெரிந்தால் நான்கு பேராவது ஹாரனில் கை வைக்காமல் போவார்கள் அல்லவா?

அடுத்தது முகுந்தராயர் சத்திரம். அங்கிருந்து 5 கிலோமீட்டரில் பழைய தனுஷ்கோடி, அதற்கு மேல் 4.5 கிலோமீட்டரில் அரிச்சல்முனை. மொத்தம் 9.5 கிலோமீட்டர். இந்த ரோட்டை 2017 ஜூலையில் பிரதமர் திறந்துவைத்தார். இந்த ஒன்பதரைக் கிலோமீட்டருக்குத்தான் இவ்வளவு கூட்டம்.

இங்கே வலது பக்கம் இருப்பது மன்னார் வளைகுடா, இடது பக்கம் பாக் நீரிணை. மீனவர்கள் முதலாவதை ஆண் கடல், அடுத்ததைப் பெண் கடல் என்பார்கள். எப்போதும் வலது பக்கம்தான் சீறும், இடது பக்கம் குளம் போலக் கிடக்கும் என்று கைடுகள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். காற்று மாறினால் கடலும் மாறும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வலது பக்கம் அலை எகிறும், கரையில் போட்ட கல்லில் அடித்து தண்ணீர் ரோட்டின் மேலேயே வந்து விழும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டால் பெண் கடலும் பொல்லாததாகிவிடும். இரண்டு காற்றுக்கும் நடுவில், மாசி, பங்குனி வாக்கில், இரண்டு பக்கமும் அடங்கி இருக்கும். அப்போது ஒரே இடத்தில் நின்று இந்தப் பக்கம் பார்த்தால் ஒரு நிறம், திரும்பிப் பார்த்தால் வேறு நிறம். உங்கள் போட்டோகிராபர் அந்தச் சமயத்தில்தான் வந்திருக்க வேண்டும், படத்திலேயே தெரிகிறது.

மணலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்று அடிக்கிற நாளில் மணல் தார்ரோட்டின் மேல் கோடு கோடாக ஓடும். ரோட்டின் விளிம்பை மூடிவிடும். எங்கே தார் முடிகிறது, எங்கே மண் தொடங்குகிறது என்பதே தெரியாது. எதிரே வருகிற பஸ்ஸுக்கு வழிவிடுகிறேன் என்று இடது சக்கரத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும், முடிந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே போகும். அப்புறம் பலகை தேடு, கல் தேடு, பத்துப் பேர் தள்ளு. பின்னால் அத்தனை வண்டியும் நிற்கும். இது தெரியாமல் பட்டணத்திலிருந்து பெரிய காரில் வருகிற தம்பிகள் வேண்டுமென்றே மணலில் இறக்கிச் சுற்றுகிறார்கள், சமூக வலைதளத்தில் போட வீடியோ வேண்டுமாம். அந்த மணலில்தான் தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிடுகிறது. வனத்துறையினர் இருட்டில் நடந்து போய் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழி ஒன்று இருந்தால்? சக்கரம் ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது?

ரோடு வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று வண்டியில் கேட்பார்கள். வெளி வண்டிகளெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சரி. அங்கே இறங்கி, மீன் ஏற்றுகிற வேனிலோ ஜீப்பிலோ இடுக்கி உட்கார்ந்து, மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் தூக்கிப்போட்டுக்கொண்டு பழைய தனுஷ்கோடி வரை போக வேண்டும். முதுகெலும்பு கழன்றுவிடும். அந்தக் காலமே நன்றாக இருந்தது, ரோடே போட்டிருக்கக் கூடாது என்று சில படித்தவர்கள் எழுதுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனுஷ்கோடியில் கம்பிப்பாடு, பாலம் என்கிற மீனவர் குடியிருப்புகளில் குடிசை போட்டு இருக்கிற குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள், பிரசவ வலி எடுத்த பெண்ணை அந்த மணலில் எப்படிக் கொண்டு போனார்கள் என்று. பிடித்த மீன் கெடாமல் சந்தைக்குப் போகவும், பிள்ளைகள் மேல்படிப்புக்கு ராமேஸ்வரம் போகவும் ரோடு வேண்டும். ரோடு அவர்களுக்கு வந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் அரிச்சல்முனையிலிருந்து வெளியே வர முடியுமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். நான் கேட்பது அவர்களுக்காக அந்த ரோட்டைத் திறந்துவைக்கத்தான்.

முனையில் நடப்பதைச் சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலை கடலுக்குள் போய் முடிகிற இடத்தில் அசோகத் தூணை நடுவில் வைத்து ஒரு ரவுண்டானா. வண்டி சுற்றித் திரும்ப வேண்டிய இடம் அது, நிறுத்துகிற இடம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அங்கேயே இறங்க வேண்டும். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் எழுவதற்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஆள் நிற்குமே, அந்த மாதிரி ஒரு கார் கிளம்புவதற்காக மூன்று கார் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். வயதானவர்கள் வெயிலில் அரைக் கிலோமீட்டர் நடந்து வந்து, திரும்ப எங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தவிப்பார்கள். போன் அடிக்கலாம் என்றால் அங்கே சிலருடைய செல்போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் செய்தி வந்து விழும். (இதற்கு மட்டும் எல்லோருக்கும் சந்தோஷம், வெளிநாடு போன மாதிரி.) சாயங்காலம் போலீசார் எல்லோரையும் கிளம்பச் சொல்வார்கள், இருட்டிய பிறகு அங்கே இருக்க அனுமதி இல்லை. அப்போது மொத்த வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில். வருகிறபோது அரை மணி, திரும்புகிறபோது இரண்டு மணி நேரம்.

குளிக்கிற விஷயம் அதைவிட மோசம். இரண்டு கடலும் சேருகிற இடம், அடியில் மணல் நிலையாக நிற்பதில்லை, நேற்று முட்டளவு இருந்த இடம் இன்று ஆளை முழுக்கும். குளிக்காதே என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டுக்குக் கீழேயே துண்டைப் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். உயிர்கள் போயிருக்கின்றன. பக்கத்தில் வலை சரி செய்துகொண்டிருக்கிற மீனவர்தான் ஓடிப்போய் இழுத்துப்போட வேண்டியிருக்கிறது, அது அவர் வேலையா?

பழைய தனுஷ்கோடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்னால் சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, இங்கே கப்பல் ஏறி, இலங்கையில் தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். ஒரே டிக்கெட். ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், தேவாலயம், எல்லாம் இருந்த ஊர். அன்று இரவு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னால் அலையில் போனது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் விழுந்தன, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் தூக்கி நிறுத்தினார்கள். பாலம் திரும்ப வந்தது, ஊர் வரவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

அந்தத் தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல் கிடையாது, பவளப்பாறைக் கல். விரலை வைத்தால் சின்னச் சின்னத் துளை, பூ மாதிரி வடிவம், ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று தெரியும். உப்புக்காற்றில் ஓரம் மாவாக உதிர்கிறது. அதன் மேல் ஏறி நின்று கல்யாண போட்டோ எடுக்கிறார்கள். மணப்பெண் முந்தானையைக் காற்றில் பறக்கவிட இரண்டு பேர் ஆளுக்கு ஒரு சுவர் மேல். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, கீழே நின்று எடுத்தால் படம் விழாதா? இத்தனை வருடம் கடலுக்குத் தாக்குப்பிடித்த சுவர் கேமராமேனுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை, அதற்கு நேரம் வேண்டும். படகில் வலையைக் கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, கயிற்றில் மாட்டி, பின்பக்கமாகவே நடந்து வருவார்கள். கடைசிக்கு வந்தவர் கழற்றிக்கொண்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓடி முதல் ஆளாக மாட்டிக்கொள்வார். மணிக்கணக்கில் இப்படி. வலையின் மடி கரை ஏறும்போது உள்ளே என்ன இருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. சில நாள் சாளை நிறைய, சில நாள் சொறிமீன்தான். மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்கிற அந்த மணலில் கையால் தோண்டி எடுக்கிற ஊற்றில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பதையும் அவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். மழை பெய்த நல்ல தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீரின் மேல் தங்கி நிற்கிறது, ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், அதனால் அளவாகத் தோண்டி, சிரட்டையில் மொண்டு எடுப்பார்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அதே மணலில் எறிந்துவிட்டுப் போகிறவர்களை அந்தப் பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம் என்று வருகிறேன்.

ராமேஸ்வரம் ஊர் எல்லையிலேயே, பூநாரை வருகிற தண்ணீருக்கு முன்னாலேயே, வண்டிகளை நிறுத்த இடம் ஒதுக்கலாம். சத்திரத்தில் நிறுத்தினால் அங்கே இருக்கிற கடற்கரை பார்க்கிங் ஆகிவிடும், அது வேண்டாம். அங்கிருந்து சின்ன பஸ்கள், கால் மணிக்கு ஒன்று, கோதண்டராமர் கோயில், சத்திரம், தேவாலயம், முனை என்று நின்று நின்று போகட்டும். ஒரே டிக்கெட்டில் எங்கே வேண்டுமானாலும் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். அரசு டவுன் பஸ் ஏற்கெனவே ஓடுகிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், ஜன்னல் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளூர்க்காரர்கள் வண்டி, மீன் வண்டி, ஆம்புலன்ஸ் எப்போதும்போல் போகட்டும். சைக்கிளில் வருகிறவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. சேதுவில் தீர்த்தமாட, பித்ரு காரியம் செய்ய வருகிற வயதானவர்களுக்கு விடியற்காலையில் தனியாக அனுமதி கொடுக்கலாம், அவர்கள் வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். சாதாரண வேலை நாட்களில் இது எதுவும் தேவையில்லை. சனி, ஞாயிறு, பொங்கல், மே மாத விடுமுறை, அமாவாசை. இவ்வளவுதான்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்பார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் சொன்னது, வந்தது, அடுத்த வருடம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். எனக்கு இ-பாஸ் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஊட்டிக்கு மலையேறப் பல வழி, ஊருக்குள் ஆயிரம் ரோடு. தனுஷ்கோடிக்கு ஒரே ரோடு, அதுவும் முட்டுச்சந்து. அங்கே ஆளைக் குறைக்கத் தேவையில்லை, வண்டியைக் குறைத்தால் போதும். ஒரு காரில் நான்கு பேர் என்றால், பத்து கார் நிற்கிற இடத்தில் ஒரு சின்ன பஸ் அத்தனை பேரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பார்ட்டி ஹவாய்த் தீவுகளில் கவாய் என்கிற தீவைப் பற்றிச் சொன்னார்கள், அப்புறம் நானும் தேடிப் படித்தேன். அங்கேயும் வடக்குக் கரையில் கடலை ஒட்டி ஒரு ரோடு, கடைசியில் ஒரு பூங்காவில் முட்டிக்கொண்டு முடிகிறது. நம்முடையது போலவே ஓரத்தில் எல்லாம் வண்டி, உள்ளூர்க்காரர்களால் நடமாட முடியவில்லை. 2018-ல் பெருமழையில் அந்த ரோடு உடைந்து ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. 2019-ல் திறக்கும்போது பழையபடி திறக்கவில்லை. ஹாயெனா பூங்காவுக்கு ஒரு நாளைக்கு 900 பேர், வெளியாட்கள் முன்பதிவு செய்ய வேண்டும், தூரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் வரலாம், அந்த மாநிலத்துக்காரர்களுக்கு முன்பதிவு வேண்டியதில்லை. அதனால் சுற்றுலா ஒன்றும் படுத்துவிடவில்லை. நமக்கு ரோடு உடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரிச்சல்முனையில் கடல் சீற்றத்தில் கல்லும் தாரும் பெயர்வதை அவ்வப்போது உங்கள் பத்திரிகையிலேயே பார்க்கிறோம்.

டிரைவர்கள் எதிர்ப்பார்கள், தெரியும். என் சக டிரைவர்களுக்குச் சொல்கிறேன். நாம் வாங்குவது நாள் வாடகையும் கிலோமீட்டரும். அந்தக் கடைசி இருபது கிலோமீட்டரில் நமக்குக் கிடைப்பது என்ன? உப்புத் தண்ணீர் தெறித்து அடிப்பாகம் துருப்பிடிக்கிறது, பிரேக்கில் மணல், திரும்பிப் போகும்போது நெரிசலில் கிளட்ச் தேய்கிறது, மதுரைக்கு நடுராத்திரி போய்ச் சேருகிறோம். பார்ட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நிழலில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால் ராத்திரி வண்டி ஓட்டத் தெம்பு இருக்கும். உள்ளூர் ஆட்டோக்காரர்கள் விஷயம் வேறு, அவர்களுக்கு அதுவே வாழ்க்கை, அவர்களை நிறுத்தக் கூடாது. எண் வைத்து முறை போட்டு விடலாம்.

கடைக்காரர்களும் பயப்படுவார்கள். சங்கு, சிப்பி மாலை விற்கிற பெண்களும், மீன் வறுத்துக் கொடுக்கிற கடைகளும் வண்டி வந்தால்தான் வியாபாரம் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு ஹாரன் சத்தத்துக்கு நடுவில் இறங்குகிறவர் எதையும் வாங்குவதில்லை, "சீக்கிரம் ஏறுங்க" என்று டிரைவரே விரட்டுவார். அடுத்த பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருக்கிறது என்று நிற்கிறவர்தான் கடைக்குள் வருவார், விலை கேட்பார், உட்கார்ந்து சாப்பிடுவார்.

இந்த ஏற்பாடெல்லாம் எப்போது வருமோ, வருகிற வரைக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு முதலில் போய்விட்டு மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி என்று எல்லோரும் திட்டம் போடுவதால்தான் சாயங்காலம் நெரிசல், முடிந்தால் அதை மாற்றிப்போட்டு விடிந்ததும் தனுஷ்கோடிக்குப் போய்விடுங்கள், சூரியன் கடலிலிருந்து ஏறுவது அந்தப் பக்கம்தான், வெயிலும் குறைவு, ரோட்டில் உங்களைத் தவிர மீன் வண்டிதான் இருக்கும். நேராக முனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தேவாலயம், கடைசியில் பூநாரை என்று வாருங்கள், வெளிச்சம் பின்னாலிருந்து விழுவதால் பறவை நன்றாகத் தெரியும். டயரைத் தாரை விட்டு இறக்காதீர்கள். கண்ணாடியில் உப்பு படியும், வெறும் வைப்பரைப் போட்டால் கீறல் விழும், தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். ஊருக்கு வந்ததும் வண்டியின் அடியில் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த ரோட்டைப் பற்றிக் கட்டுரை போடும்போது "அரை மணி நேரம்" என்பதை எடுத்துவிடுங்கள். மாலையில் எத்தனை மணிக்குப் பிறகு உள்ளே விட மாட்டார்கள் என்பதை அந்தந்தச் சமயம் போலீசாரிடம் கேட்டு, படத்துக்குக் கீழே கட்டம் கட்டிப் போடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து போகிற டவுன் பஸ் நேரத்தையும் கூடவே போட்டால் நல்லது, அப்படி ஒரு பஸ் ஓடுவதே காரில் வருகிற பலருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு சுற்றுலா வேன் ஓட்டுநர்,
ராமநாதபுரம் மாவட்டம்.